ஈயமா, கந்தகமா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். பாட்டியின் பழைய வளையல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரு வருடத் திட்டம். வண்டி நிறுத்த இடம் தேடி நான்கு சுற்று, குவீன் ஸ்திரீட் மாரியம்மனுக்கு ஒரு கும்பிடு, அப்புறம் நகைக்கடை.

கடைத்தம்பி வளையலை வாங்கியதும் உரைகல்லை எடுப்பார் என்று அம்மா காத்திருந்தார். அவரோ மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி இருந்த ஒரு பெட்டிக்குள் அதை வைத்து, மூடியைச் சாத்தி, பொத்தானைத் தட்டினார். அரை நிமிடம் ஆனது. திரையில் தங்கம் 88, மீதி செம்பும் வெள்ளியும் கொஞ்சம் துத்தநாகமும்.

"916 இல்லைங்கம்மா. 88 கணக்குலதான் எடுத்துக்க முடியும்."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் சீட்டுப் போட்டு வாங்கிய வளையல் அது. நான் திரையை எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு சின்னக் கேமரா உண்டு. கதிர் எங்கே விழுகிறது என்று ஒரு கூட்டல் குறி போட்டுக் காட்டும். அந்தக் குறி வளையலின் இரண்டு முனையும் சேரும் ஒட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"தம்பி, அது பொடி வச்ச இடம். கொஞ்சம் திருப்பி வைங்க."

திருப்பி வைத்தார். 91.7. இன்னோர் இடத்தில் 91.5. தம்பி சிரித்துவிட்டார். "அக்காவும் இந்த லைன்தானா?"

இல்லை, ஆனால் பக்கத்து லைன்.

பொடி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பத்தர் இரண்டு துண்டை இணைக்க, நகையைவிடச் சீக்கிரம் உருகும் கலவையைப் பொடியாக ஒட்டில் வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதுவார். சீக்கிரம் உருக வேண்டும் என்றால் அதில் தங்கம் குறைவாகத்தான் இருக்கும். பொடி வைத்துப் பேசுவது என்று சொல்கிறோமே, அதன் பூர்வீகம் இந்தப் பட்டறைதான் என்பார்கள். 22 காரட் என்பது 24-இல் 22 பங்கு, வகுத்தால் 0.9167. நம் ஊரில் எல்லோர் வாயிலும் புழங்கும் 916 அதுதான். ஒட்டில் மட்டும் பார்த்து விலை பேசினால் யாருக்கு நஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தம்பி வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. பெட்டி ஓர் எண்ணைச் சொன்னது, அவர் நம்பினார். நானும் ஒரு தடவை அப்படி நம்பியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதற்குள் அம்மாவின் கேள்வி வந்துவிட்டது. "உரசலை, ஆசிட் ஊத்தலை, சுட்டுப் பார்க்கலை. சும்மா ஒரு வெளிச்சத்தைக் காட்டினா, இதுல தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவுன்னு எப்படிடி தெரியும்?"

தம்பி ரசீது எழுதப் போன நேரத்தில் சொல்லிப் பார்த்தேன். அணுவைக் கல்யாணப் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அணுக்கரு. அதைச் சுற்றி வரிசை வரிசையாக இலை போட்டிருக்கிறது. முதல் வரிசையில் இரண்டே இலை, இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் பதினெட்டு. எலெக்ட்ரான்கள் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. முதல் வரிசைதான் நல்ல இடம், அணுக்கரு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் இடம். அங்கே உட்கார்ந்தவரை எழுப்புவது லேசில்லை. பெட்டிக்குள் இருக்கும் எக்ஸ்ரே குழாய் அந்தக் காரியத்தைச் செய்கிறது. வேகமாக ஒரு கதிரை அனுப்பி, முதல் வரிசைக்காரர் ஒருவரை அணுவைவிட்டே வெளியே தள்ளிவிடுகிறது.

முன்வரிசையில் ஓர் இலை காலியானால் நம் கல்யாணத்தில் என்ன நடக்கும்? பின்வரிசையிலிருந்து ஒருவர் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அணுவிலும் அதுதான். வெளியே இருக்கும் எலெக்ட்ரானிடம் ஆற்றல் அதிகம், உள்ளே வந்தால் அவ்வளவு தேவையில்லை. மிஞ்சியதை எக்ஸ்ரேயாக உமிழ்ந்துவிட்டு உட்காருகிறது. வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு தனிமத்துக்கும் வேறு. அதனால் உமிழும் எக்ஸ்ரேயின் ஆற்றலும் வேறு. இரும்புக்கு 6.40 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (இந்த ஆற்றலை அளக்கும் அலகு அது; இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்). செம்புக்கு 8.04. வெள்ளிக்கு 22.16. ஆணியில் இருந்தாலும், துருவில் இருந்தாலும், நம் ரத்தத்தில் இருந்தாலும் இரும்பு 6.40-இல்தான் பேசும். எத்தனை உமிழ்வு வந்தது என்று எண்ணினால் எவ்வளவு இருக்கிறது என்றும் கணக்குப் போட்டுவிடலாம்.

"எந்திரிச்சுப் போனவன் என்ன ஆனான்?"

அம்மா எப்போதும் இப்படித்தான், கதையில் வெளியேறியவனைப் பற்றித்தான் கேட்பார். அவனை மடக்கி விசாரிக்க வேறொரு இயந்திரம் இருக்கிறது என்றேன். உண்மைதான், இருக்கிறது, அது வேறு கதை.

இரண்டாம் வரிசையிலிருந்து முதலுக்கு வந்தால் கே-ஆல்ஃபா, மூன்றாவதிலிருந்து வந்தால் கே-பீட்டா என்று பெயர். முதல் வரிசைக்கு ஏ என்று வைக்காமல் கே என்று ஏன் வைத்தார்கள்? தனிமங்களுக்கு இப்படிச் சொந்த எக்ஸ்ரே உண்டு என்று கண்டுபிடித்த சார்லஸ் பார்க்லா, இதைவிட ஆற்றல் மிகுந்த வரிசை இன்னும் உள்ளே இருக்கலாம் என்று நினைத்து, முன்னால் எழுத்துகளைக் காலியாக விட்டுவைத்தார். யாரும் வரவில்லை. விட்ட இடம் அப்படியே கிடக்கிறது. அவருக்கு 1917-ஆம் ஆண்டுக்கான நோபல் கிடைத்தது.

தங்கத்தின் கே வரிசையை எழுப்ப 80-க்கும் மேல் ஆற்றல் வேண்டும். நகைக்கடைப் பெட்டிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதனால் அது தங்கத்தின் இரண்டாம் வரிசையை, எல் வரிசையைத்தான் தட்டுகிறது, பதில் 9.71-இலும் 11.44-இலும் வருகிறது. கனமான தனிமங்களுக்கு இப்படி எத்தனையோ வரிசைகள், எத்தனையோ குரல்கள். இதுதான் பின்னால் எனக்கு வினையாக வந்தது.

நான் பினாங்கின் தொழிற்பேட்டையான பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன். கெட்டுப்போன சிப்புகளுக்குப் பிரேதப் பரிசோதனை செய்கிற லேப். செத்தது ஏன், எங்கே அடிபட்டது, யார் காரணம் என்று ஆராய்ந்து ரிப்போர்ட் எழுதுவது தொழில். அம்மாவும் அதே பாயான் லெப்பாஸில்தான், எண்பதுகளில், ஆப்பரேட்டராக இருந்தார். 1972-இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கி, வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்திறங்கிய பிறகு, கெடாவின் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பெண்கள் ஃபேக்டரி பஸ் ஏறினார்கள். அம்மாவும் அப்படிச் சுங்கை பட்டாணிப் பக்கமிருந்து வந்தவர்தான். மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் பதிக்கிற வேலை. 25 மைக்ரான் கம்பி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. "தங்கத்தை நான் பார்த்த அளவுக்கு இந்த லிட்டில் இந்தியாவுல எவனும் பார்த்திருக்க மாட்டான்" என்பது அவருடைய நிரந்தர வசனம். இப்போது பெரும்பாலும் செம்புக் கம்பிக்கு மாறிவிட்டார்கள் என்று சொன்னால் வருத்தப்படுவார்.

எங்கள் லேபில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது, செம் என்போம். அதன் பக்கவாட்டில் ஈ.டி.எக்ஸ். என்ற டிடெக்டர் செருகியிருக்கும். நகைக்கடைப் பெட்டி எக்ஸ்ரேயால் அடித்து எக்ஸ்ரே வாங்குகிறது. இது எலெக்ட்ரானால் அடித்து எக்ஸ்ரே வாங்குகிறது. அடிக்கும் கை வேறு, அழும் குரல் ஒன்றுதான். எலெக்ட்ரான் கற்றையை ஊசிமுனையாகக் குவிக்கலாம் என்பதால், ஒரு மைக்ரான் அளவு இடத்தைத் தனியாக விசாரிக்கலாம். இந்த வித்தையை 1951-இல் பாரிஸில் தன் முனைவர் ஆய்வேட்டில் எழுதிக் கொடுத்தவர் ரேமோன் காஸ்தேங். ஒரு மாணவரின் ஆய்வேட்டிலிருந்து ஒரு தொழிலே முளைத்தது.

டிடெக்டர் என்பது ஒரு சிலிக்கான் துண்டு. உள்ளே வரும் ஒவ்வொரு எக்ஸ்ரேயும் தன் ஆற்றலுக்குத் தக்கபடி அதில் மின்னூட்டத்தைக் கிளப்பும். ஒரு ஜோடி மின்னூட்டத்துக்குச் சுமார் 3.6 எலெக்ட்ரான் வோல்ட் செலவு. ஆக, ஜோடிகளை எண்ணினால் வந்தவர் யார் என்று தெரியும். நான் சேர்ந்த புதிதில் இருந்த டிடெக்டருக்குத் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். திங்கட்கிழமை காலை அது என் பொறுப்பு. புகை கக்கும் குடுவையைச் சுமந்துகொண்டு லிஃப்டுக்குக் காத்திருப்பேன், யாரும் என்னோடு ஏற மாட்டார்கள். இப்போதுள்ளது தானே குளிர்ந்துகொள்கிறது. சௌகரியம்தான். அந்தப் புகை மட்டும் கொஞ்சம் ஏக்கமாக இருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். 2014. ஒரு கஸ்டமரிடமிருந்து கெட்டுப்போன போர்டுகள் வந்தன. அவற்றில் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்று திறந்துகொண்டுவிட்டது, அதாவது மின்சாரம் அந்தப் பக்கம் போகவில்லை. ரெசிஸ்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். தும்மினால் காணாமல் போகும். செம்மில் பார்த்தபோது, அதன் கண்ணாடிப் பூச்சும் முனையும் சேரும் விளிம்பில் பஞ்சு மாதிரி எதுவோ பூத்திருந்தது. சாதாரண மைக்ராஸ்கோப்பில் கறுப்பாகத் தெரிந்தது.

மேல்பரப்பை மட்டும் பார்க்க வேண்டும் என்பதற்காக எலெக்ட்ரான் கற்றையை 10 கிலோவோல்ட்டில் வைத்தேன். வேகம் குறைந்தால் ஆழம் குறையும், அதில் தப்பில்லை. திரையில் பீக்குகள் எழுந்தன, எந்த ஆற்றலில் எத்தனை எக்ஸ்ரே வந்தது என்று காட்டும் முகடுகள். 2.98-இலும் 3.15-இலும் வெள்ளியின் எல் குரல்; முனைக்குள் வெள்ளி உண்டு, எதிர்பார்த்ததுதான். அதற்கு இடப்பக்கம் 2.3-இல் ஓர் உயரமான பீக். மென்பொருள் அதன் தலையில் தானாகவே ஒரு பெயர்ச்சீட்டை ஒட்டியது: ஈயம்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்கால். பாலத்தில் நெரிசல் தொடங்கியிருக்கும். மகளை டியூஷனிலிருந்து எடுக்க வேண்டும். ரெசிஸ்டரின் கண்ணாடிப் பூச்சில் ஈயம் இருப்பது வழக்கம் என்று எனக்குத் தெரியும், அதனால் சந்தேகமும் வரவில்லை. சரி என்று தட்டினேன். ரிப்போர்ட்டில் "விளிம்பில் வளர்ந்துள்ள பொருளில் ஈயம் கண்டறியப்பட்டது" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

எலெக்ட்ரானிக்ஸ் தொழிலில் அந்த ஒரு வார்த்தைக்கு என்ன எடை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஐரோப்பாவில் 2006 ஜூலை 1 முதல் ஈயத்துக்குத் தடை. ஒரே சீரான பொருளில் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. அதற்காகத்தான் உலகம் முழுக்க 183 டிகிரியில் சமர்த்தாக உருகிய ஈய சால்டரை, அதாவது பாகங்களைப் போர்டில் ஒட்டும் உலோகக் கலவையை, விட்டுவிட்டு, 217-க்கு மேல் சூடு கேட்கும் வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கு மாறினார்கள். கண்ணாடிப் பூச்சுக்குள் இருக்கும் ஈயத்துக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் வெளியே பூத்து நிற்கும் ஈயத்துக்கு? திங்கட்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் சரக்கை நிறுத்திவிட்டார்கள். ரெசிஸ்டர் சப்ளையர் சத்தியம் பண்ணாத குறை. என் இன்பாக்ஸில் ஐம்பதுக்கு மேல் கடிதம், பாதிக்கு மேல் பெரிய எழுத்தில்.

எங்கள் லேப் தலைவர் ஒரு சீனப் பெரியவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அதிகம் பேசமாட்டார். கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, ஸ்பெக்ட்ரத்தை ஒரு நிமிடம் பார்த்தார். மூன்றே சொல்தான் கேட்டார். "எல் எங்கே, அம்மாய்?"

(பினாங்கு சீனப் பெரியவர்கள் சிலர் நம் பெண்களை இப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.)

எனக்கு வயிற்றில் கல் விழுந்தது. 2.3-இல் குரல் கொடுக்கும் ஆள் ஒருவர் மட்டும் இல்லை. கந்தகத்தின் கே பீக் 2.307. ஈயத்தின் எம் பீக், அதாவது மூன்றாம் வரிசைக் குரல், 2.345. மாலிப்டினத்தின் எல் 2.293. மூன்று பேரும் ஒரே வாசலில் நிற்கிறார்கள். பதினாறாம் எண்ணுள்ள கந்தகத்தின் முதல் வரிசை இடைவெளியும், எண்பத்திரண்டாம் எண்ணுள்ள ஈயத்தின் மூன்றாம் வரிசை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்துபோனது யார் குற்றமும் இல்லை. டிடெக்டருக்கு வித்தியாசம் தெரியாதா? கணக்குப் போடுங்கள். கந்தகம் வந்தால் சுமார் 630 ஜோடி, ஈயம் வந்தால் சுமார் 640. அந்த எண்ணே ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடும் குறையும். அதனால் பீக் ஒரு கோடாக இல்லாமல் 90 எலெக்ட்ரான் வோல்ட் அகலத்துக்கு ஒரு மேடாகத்தான் வரும். இருவருக்கும் இடையே உள்ள தூரமோ 38. ஒரே மேடு.

ஆனால் ஈயம் தனியாக வராது. அதற்கு 10.55-இலும் 12.61-இலும் எல் பீக்குகள் உண்டு. எம் இருந்தால் எல்லும் இருந்தாக வேண்டும். அதைத்தான் பெரியவர் கேட்டார். நான் ஏன் அதைப் பார்க்கவில்லை? பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஈயத்தின் எல் வரிசையிலிருந்து ஓர் எலெக்ட்ரானை எழுப்பக் குறைந்தது 13 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். நான் அடித்தது 10. ஈயமே இருந்தாலும் எல் வாய் திறந்திருக்காது. சாட்சியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

20 கிலோவோல்ட்டுக்கு ஏற்றி, இருநூறு விநாடி ஓட்டினோம். 10.55-இல் ஒன்றுமில்லை. 12.61-இல் ஒன்றுமில்லை. பிறகு அலமாரியில் கிடந்த பழைய ஈய சால்டர் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து அதே நிலையில் ஓட்டினார் பெரியவர். ஈயத்தின் எம் பீக் வலப்பக்கம் தொந்தி வைத்து அகலமாக வந்தது, ஏனென்றால் 2.44-இல் இன்னொரு பெரிய எம் குரல் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்னுடையது ஒல்லியாக, நேராக நின்றது. கந்தகம். வெள்ளியோடு சேர்ந்த கந்தகம். வெள்ளி சல்ஃபைடு.

திருத்த ரிப்போர்ட் எழுதுவது எப்படி இருக்கும் என்றால், சபையில் போட்ட மாலையைத் திரும்பக் கேட்பது மாதிரி இருக்கும். எழுதினேன்.

கண்ணாடிப் பூச்சும் முனைப் பூச்சும் சேரும் மயிரிழை இடுக்கு வழியாகக் காற்றிலுள்ள கந்தகம் உள்ளே போய், வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, கறுப்பாக வெளியே தள்ளியிருக்கிறது. வெள்ளி தீர்ந்ததும் வழி துண்டானது. இது தொழிலில் பழைய வியாதி. ஆனால் கந்தகம் எங்கிருந்து வந்தது? அந்தப் போர்டுகள் இருந்த கஸ்டமரின் பெட்டி குப்பை மேட்டிலோ வெந்நீர் ஊற்றுப் பக்கத்திலோ இல்லை, அலுவலகத்தில் இருந்தது. இரண்டு வாரம் ஆயிற்று. கடைசியில் பெட்டியின் மூடியைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பர் வளையத்தில் வந்து நின்றது. அதில் ஒரு துண்டை வெட்டி, பளபளப்பான வெள்ளித் தகட்டோடு கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, 85 டிகிரி அடுப்பில் வைத்தோம். சில நாட்களில் தகடு கறுத்துவிட்டது.

வீட்டில் இதை வெற்றிக் கதையாகச் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வெள்ளிக் கொலுச ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வச்சா கறுத்துப் போகும்னு லயத்துல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல."

பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மரத்திலிருந்து வடியும் பாலில் இந்த வம்பு இல்லை. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிக் கண்டுபிடித்த வித்தைதான் ரப்பரை உறுதியாக்குகிறது. அந்தக் கந்தகத்தில் கட்டுப்படாமல் மிஞ்சியது மெல்ல வெளியே கசிகிறது. மறுநாள் அம்மாவின் கொலுசில் ஒரு வளையத்தை லேபுக்கு எடுத்துப்போய் 20 கிலோவோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். வெள்ளி, கந்தகம், கொஞ்சம் செம்பு. 10.55 காலி. இதை ஆபீஸ் நேரத்தில் செய்யவில்லை என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இந்த வரிசைக் கணக்குக்கெல்லாம் மூலபுருஷர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி. எனக்கு இந்தத் துறையில் யாராவது ஒருவரைப் பார்த்துப் பேச வரம் கிடைத்தால் அவரைத்தான் கேட்பேன். 1913-இல் மான்செஸ்டரில், வெற்றிடக் குழாய்க்குள் சின்னத் தண்டவாளம் போட்டு, அதில் கால்சியம் முதல் துத்தநாகம் வரை உலோகத் துண்டுகளை வண்டியில் ஏற்றி, தூண்டில் போடும் பட்டு நூலால் இழுத்து ஒவ்வொன்றாகக் கதிருக்கு நேரே கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் எக்ஸ்ரேயையும் புகைப்படத் தகட்டில் பிடித்தார். படிக்கட்டு மாதிரி வந்தது. அணு எண்ணில் ஒன்றைக் கழித்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, 10.2-ஆல் பெருக்கினால் கே-ஆல்ஃபா ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். இரும்பு 26. இருபத்தைந்தை இருபத்தைந்தால் பெருக்கினால் 625. அதைப் பத்தேகாலுக்குச் சற்றுக் குறைவால் பெருக்கினால் 6,375. அசல் 6,400. மளிகைக் கடைக் காகிதத்தில் போடக்கூடிய கணக்கு.

அதுவரை அட்டவணையில் தனிமங்களை எடையை வைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். கோபால்ட்டும் நிக்கலும் அதில் முன்பின் இடித்துக்கொண்டன. மோஸ்லியின் படிக்கட்டு கோபால்ட் 27, நிக்கல் 28 என்று சண்டையைத் தீர்த்தது. 43, 61, 72, 75 ஆகிய படிகள் காலி என்றும் காட்டியது. 72-ஐ 1923-இல் கோபன்ஹேகனில் எக்ஸ்ரே வைத்தே கண்டுபிடித்து ஹாஃப்னியம் என்று பெயரிட்டார்கள். எனக்கு இதில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது அவருடைய கோபால்ட் தகடு. அதில் இரும்பின் கோடும் நிக்கலின் கோடும் மங்கலாகச் சேர்ந்து விழுந்திருந்தன. துண்டு சுத்தமில்லை. வேறு யாராவது என்றால் எரிச்சலில் தூக்கிப்போட்டிருப்பார்கள். அவரோ, அப்படியானால் இது பொருளைப் பகுத்துப் பார்க்க நல்ல வழியாயிற்றே என்று கட்டுரையிலேயே எழுதிவைத்தார். என் சம்பளம் அந்த வாக்கியத்திலிருந்து வருகிறது. முதல் உலகப் போரில், 1915 ஆகஸ்ட் 10 அன்று கல்லிப்போலிப் போர்முனையில் சுடப்பட்டு இறந்தார். வயது 27. ஒரு குண்டுக்கு இவ்வளவு விலையா என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது.

2014-க்குப் பிறகு மென்பொருள் ஒட்டும் சீட்டை நான் தொடுவதற்கு முன்னால் குடும்பத்தோடு வா என்பேன். ஆல்ஃபா சொன்னால் பீட்டா எங்கே, எம் சொன்னால் எல் எங்கே, எல் வரிசையை எழுப்பும் அளவுக்கு அடித்தோமா. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன், அவர்கள் கேட்பதில்லை. போன வருடம் சேர்ந்த தம்பி ஒருவன் அலுமினியத் தளத்தில் வெள்ளி கண்டுபிடித்துவிட்டு ஓடிவந்தான். எண்ணிக்கை வேகத்தைக் கண்டபடி ஏற்றி வைத்திருந்தான். இரண்டு அலுமினிய எக்ஸ்ரே ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தால் டிடெக்டர் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடும். 1.487-ம் 1.487-ம் 2.974. வெள்ளி 2.984. வேகத்தைக் குறைத்ததும் வெள்ளி மறைந்துவிட்டது. இப்போதும் லேபில் அவனைச் சித்தர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

இதே மாதிரி டைட்டானியமும் பேரியமும், குரோமியமும் மாங்கனீஸும் ஒன்றின் தோளில் ஒன்று கைபோட்டுக்கொண்டு நிற்கும். எழுதினால் இன்னொரு பதிவாகிவிடும்.

நகைக்கடையில் விட்ட இடத்துக்கு வருகிறேன். வளையல் கணக்கு 916-இல் முடிந்து, அம்மா முகம் தெளிந்தது. பையைத் துழாவி ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். பாட்டியின் தாலிக்கொடியில் கோத்திருந்த குண்டுகள், நான்கு. விற்க இல்லை, சும்மா பார்க்க. பெட்டியில் மாற்றி மாற்றி வைத்தார் தம்பி. 91.6, 91.8, எல்லாம் அப்பழுக்கில்லை.

"உள்ளே?" என்றார் அம்மா.

நான் கொஞ்சம் திணறினேன். தங்கத்துக்குள்ளிருந்து கிளம்பும் 9.71 எக்ஸ்ரே தங்கத்தையே தாண்டி வெளியே வர வேண்டும். பத்து இருபது மைக்ரானுக்கு மேல் ஆழத்திலிருந்து வந்தால் வழியிலேயே அடங்கிவிடும். பெட்டி பார்ப்பது தலைமுடியின் தடிமன்கூட இல்லாத மேல்தோலை. உள்ளே அரக்கு அடைத்திருந்தால் அது கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். கார்பனும் ஆக்ஸிஜனும் முணுமுணுப்பவை. ஆள் வந்து உட்கார்ந்ததும் மிஞ்சிய ஆற்றலை எக்ஸ்ரேயாக விடாமல், பக்கத்தில் இருப்பவரைத் தள்ளிவிடுவதற்கே பெரும்பாலும் செலவழித்துவிடும் அணுக்கள். விட்ட கொஞ்சத்தையும் காற்றே குடித்துவிடும். ஹைட்ரஜனுக்கோ இரண்டாம் வரிசையில் ஆளே கிடையாது, யார் வந்து உட்காருவது?

இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் தம்பி ஒரு குண்டை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். தராசில் போட்டார். மறுபடி சுண்டினார்.

"அரக்குதாங்கம்மா. நாலுமே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப இவ்வளவு நேரம் நீ சொன்னது?"

தம்பி குனிந்து ரசீதை எழுதத் தொடங்கினார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.